எங்கள் வீட்டைப் பின்பக்கம் காட்டும் வரைபடம்

1

எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்களில் அனேகர் வீட்டின் பின்பக்கத்தில்தான் வந்து சேருவார்கள். விலாசத்தில் பிழை இராது. வீதியின் பெயர், வீட்டிலக்கம், தபால் எண் எல்லாம் சரி. 'சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டீர்கள்' என்று கைபேசி டெனிஷில் அறிவித்துவிட்டு அடங்கிவிடும். காரை விட்டிறங்கிப் பார்த்தால் எதிரே ஒரு சிறு கால்வாய், அதன் கரையில் இடுப்பளவு வேலிச்செடி, அதற்கப்பால் கொஞ்சம் புல்தரை, புல்தரை முடிகிற இடத்தில் எங்கள் குசினி யன்னல். வீடு தெரியும், வீட்டுக்குப் போகிற வழி தெரியாது.

பிரெடெரிசியாவின் ஓரத்தில் ஒட்டியொட்டிக் கட்டிய வீட்டு வரிசையொன்றில் நாங்கள் குடியிருக்கிறோம். 'நாங்கள்' என்று எழுதிப் பழகிவிட்டது. என் மனைவி மலர் போன வருடம் வைகாசியில் காலமாகிவிட்டாள். இப்போது நான் மட்டும்தான்.

இந்தப் பிழை ஏன் நேருகிறது என்று ஒருமுறை உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தேன். வரைபடச் செயலி காணியின் நடுவில் ஒரு புள்ளியை வைக்கிறது. பிறகு அந்தப் புள்ளிக்குக் கிட்டிய வீதி எது என்று தேடுகிறது. எங்கள் வாசல் வீதி வளைந்து சுற்றி வருவது. பின்வீதி நேரானது, புள்ளிக்குச் சற்றே கிட்டியது. வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அதன் கணக்கில் இல்லை. தவறிப் பின்னால் வந்தவர்கள் வட்டச்சந்திக்குத் திரும்பிப்போய், ரயில் பாதைக்குக் கீழால் புகுந்து, பாடசாலையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

ஊரில் இருக்கிற நீங்கள் இதைச் சிறிய விசயம் என்று நினைக்கலாம். இங்கே மழையும் காற்றும் ஒன்றாக அடிக்கிற மாரியில், கையில் மரக்கறிப் பையோடு கால்வாய்க் கரையில் நின்று பார்த்தால்தான் அதன் பெருமை விளங்கும்.

2

என் கைபேசியில் இரண்டு வரைபடச் செயலிகள் இருக்கின்றன. எவை என்று சொல்லப்போவதில்லை, இரண்டு நிறுவனங்களும் என்னைவிடப் பணக்காரர்கள். மலர் அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தாள். நான் பாவிப்பது 'வாத்தியார்'. அவள் பாவித்தது 'பிள்ளை'.

வாத்தியார் கண்டிப்பானவர். வீதியில் எத்தனை வேகம், முன்னால் எங்கே நெரிசல், எங்கே வேலை நடக்கிறது என்பதையெல்லாம் அச்சொட்டாகச் சொல்லுவார். சொன்ன வழியை விட்டுக் கொஞ்சம் விலகினால் போதும், 'திரும்புங்கள், திரும்புங்கள்' என்று அடுத்த ஊர் வரும்வரைக்கும் விடமாட்டார். பிள்ளை அப்படியில்லை. நீங்கள் பிழையாகப் போனாலும் ஒன்றும் பேசாமல் புது வழி போட்டுத்தரும். சைக்கிள் பாதையும் நடைபாதையும் அதற்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் கடலுக்கும் தரைக்கும் அது பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. எஸ்பியர்க்கில் ஒரு பிறந்தநாளுக்குப் போனபோது எங்களைத் தீவுக்குப் போகிற கப்பல் வரிசையில் கொண்டுபோய் விட்டது. முன்னாலும் கார், பின்னாலும் கார். டிக்கெட் கேட்டு வந்த பெண்ணிடம் மலர், "நாங்கள் பிறந்தநாளுக்குப் போறம்" என்று டெனிஷில் விளக்கினாள். அந்தப் பெண், "வாழ்த்துகள்" என்றாள்.

தொண்டர்கள் சேர்ந்து வரைகிற மூன்றாவது வரைபடமும் ஒன்று உண்டு. எங்கள் கால்வாய்க்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். கால்வாயைக் கடக்கிற வழி மட்டும் அதிலும் இல்லை.

யாழ்ப்பாணத்துக்குப் போயிருந்த சமயம் இரண்டையும் அங்கேயும் பரீட்சித்தோம். வாத்தியாரின் டெனிஷ் பெண்குரல் காங்கேசன்துறை வீதியை, வாய் நிறைய அரிசிமாவை வைத்துக்கொண்டு கதைக்கிறவள்போல உச்சரித்தது. மலர் சிரித்துச் சிரித்து ஓட்டோக்காரரின் தோளிலேயே அடித்துவிட்டாள். எங்கள் ஒழுங்கைக்கு வந்ததும் குரல் 'பெயரற்ற வீதி' என்றது. அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

என் தலைமுறைக்கு வரைபடத்தோடு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. நான் இளைஞனாக இருந்த காலத்தில் சோதனைச் சாவடியில் ஒருவனுடைய பையிலிருந்து வரைபடம் கிடைத்தால் அவன் வீட்டுக்கு வந்து சேருவது நிச்சயமில்லை. கிணற்றுக்கும் கோயிலுக்கும் போகிற வழியைக்கூட நாங்கள் கடதாசியில் கீறிக் கொடுத்ததில்லை. டென்மார்க்குக்கு வந்த புதிதில் பெற்றோல் நிலையத்தில் நாட்டின் முழு வரைபடமும் மடித்து விற்பனைக்கு வைத்திருந்ததைக் கண்டு, வாங்கலாமா என்று அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கடதாசி வரைபடத்தை மடியில் விரித்து வைத்து வழி சொல்லுவது மலரின் வேலை. கார் தெற்கே போனால் அவளும் வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிடிப்பாள். எழுத்துகளெல்லாம் கவிழ்ந்து கிடக்கும்.

"வடக்கு மேலைதான் இருக்கோணும்" என்று நான் சொல்லுவேன்.

"நாங்கள் போறது முன்னுக்கு. வடக்கு எங்கை இருந்தால் எனக்கென்ன?"

வருடக்கணக்காக இதே சண்டை. இப்போது கைபேசியைத் திறந்தால் எல்லாச் செயலிகளும் போகிற திசைக்குத் தாங்களே திரும்பிக்கொள்கின்றன. அவள்தான் முதலில் செய்தாள் என்று அந்த நிறுவனங்களுக்கு யார் சொல்லுவது?

3

மகன் குகன் கொப்பன்ஹேகனுக்கு வேலைக்குப் போன பிறகுதான் இந்த வீட்டுக்கு மாறி வந்தோம். மலர் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கி முழங்கால் தேய்ந்து, மாடிப்படி ஏற முடியாமலிருந்தாள். குகன் வளர்ந்தது பழைய மாடிக் குடியிருப்பில். ஆகவே இந்த வீடு அவனுக்குத் தாய் வீடு, ஆனால் தெரியாத வீடு. வரும்போதெல்லாம் கைபேசியில் விலாசத்தைப் போட்டுத்தான் வருவான். பெற்றோர் இருக்கிற வீட்டுக்குப் பிள்ளை வரைபடம் பார்த்து வருகிறான் என்பதை மலர் முதன்முதலில் உணர்ந்த அன்று பகல் முழுக்கக் குசினியை விட்டு வெளியே வரவில்லை.

பின்பக்கப் பிழையை நான் வந்த மாதமே கண்டேன். இரண்டு செயலிகளுக்கும் திருத்தம் அனுப்ப ஆயத்தமானேன். இப்படியான திருத்தங்கள் அனுப்புவது என் பொழுதுபோக்கு. கோல்டிங்கில் மூடப்பட்ட தபாற்கந்தோர், இடம் மாறிய மருந்துக்கடை என்று எத்தனையோ அனுப்பியிருக்கிறேன். பிள்ளைக்கு அனுப்பியாயிற்று, அது ஏற்றுக்கொண்டு புள்ளியை வாசலுக்கு நகர்த்தியது. வாத்தியாருக்கு அனுப்பப் போகையில் மலர் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ, விடுங்கோ அதை."

"பிழையாக் கிடக்கு மலர்."

"கிடக்கட்டும். பின்னாலை வாற ஆக்களை நான் குசினியாலை பாக்கிறன். முன்னாலை வந்தால் நீங்கள்தான் முதலிலை பாப்பியள்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் பொழுது பெரும்பாலும் போவது குசினியில். பின்வீதியில் கார் நிற்கும். ஆள் இறங்கித் திகைத்துப்போய் நிற்கும். அவள் சிவப்புக் கோடு போட்ட குசினித் துவாயை எடுத்து யன்னலுக்கு வெளியே வீசி ஆட்டுவாள். ஆட்டிக்கொண்டே மற்றக் கையால் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பாள். வருகிறவர் நிற்கிற விதத்தைப் பார்த்தே பசியோடு வருகிறாரா, சண்டை பிடித்துக்கொண்டு வருகிறாரா, கலியாணம் சொல்ல வருகிறாரா என்பதைக் கண்டுபிடித்துவிடுவாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

பழைய கட்டிலின் பலகை ஒன்றைக் கால்வாய்க்குக் குறுக்கே போட்டாள். வேலியில் ஓர் ஆள் நுழையுமளவுக்குச் செடியை வெட்டினாள். குடியிருப்புச் சங்கம் சும்மா இருக்குமா? வேலி இடைவெளியின்றி இருக்க வேண்டும் என்று விதிப் பிரிவைக் குறிப்பிட்டு, மரியாதையான டெனிஷில் கடிதம் போட்டார்கள். டென்மார்க்கில் மரியாதை கூடக்கூட விசயம் கடுமை என்று அர்த்தம். நான் மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுத உட்கார்ந்தேன். மலர் கடைக்குப் போய்ப் பெரிய தொட்டியொன்றில் ஒரு செந்திராட்சைச் செடி வாங்கிவந்து அந்த இடைவெளியில் வைத்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் வேலி பச்சையாகத் தொடர்ந்தது. விருந்தாளி வந்தால் தொட்டியைக் காலால் தள்ளிவிடுவாள். சங்கத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, செடி நன்றாகக் காய்த்திருப்பதாகச் சொல்லிப் போனார்.

சென்ற மாரியில் அந்தச் செடி பட்டுப்போனது. தண்ணீர் ஊற்றாதது காரணமா, பனியா என்று தெரியவில்லை. இளவேனில் தொடங்கியதும் சங்கத்துத் தோட்டக்காரர்கள் வந்து இடைவெளியில் புதுக் கன்றுகள் நட்டார்கள். உக்கிய பலகையையும் எடுத்துப்போய்விட்டார்கள். தொட்டியை நான் கொட்டிலுக்குப் பின்னால் வைத்தேன். பின்பக்கம் அடைபட்டது.

4

மலருக்கு முதலாம் ஆண்டுத் திவசம் வந்தது. அவள் போனது ஜூன் தொடக்கத்தில். திதி, வைகாசி அபரபக்க நவமி, அதாவது தேய்பிறை நவமி. திதி சந்திரனைப் பார்த்து வருவது, கலண்டரைப் பார்த்து வருவதில்லை. ஆகவே இந்த வருடம் அந்த நவமி மே மாத இறுதியிலேயே வந்துவிட்டது.

எந்த நாள் என்பதில் பிரச்சினை கிளம்பியது. மலரின் தங்கை ராணி கோல்டிங்கில் இருக்கிறாள். அவள் வீட்டில் வாக்கிய பஞ்சாங்கம். எங்கள் வீட்டில் பரம்பரையாகத் திருக்கணிதம். இரண்டுக்கும் சில மணித்தியாலங்கள் வித்தியாசம் வரும். அத்தோடு இலங்கை நேரத்தை டென்மார்க் நேரமாக்க வேண்டும், அதில் கோடை காலத்துக்கு ஒரு கழித்தல், மாரிக்கு இன்னொரு கழித்தல்.

"அத்தான், எங்கடையிலை வியாழன் எண்டுதானே கிடக்கு" என்றாள் ராணி தொலைபேசியில்.

"திருக்கணிதத்திலை வெள்ளி."

"அக்காவுக்கு உந்தக் கணக்கெல்லாம் விளங்காது. எந்த நாள் வடை சுட்டாலும் வருவா."

கடைசியில் திவசம் செய்கிற சைவக் குருக்களிடம் கேட்டோம். அவர் எஸ்பியர்க் பக்கம் இருக்கிறார். ஊர் ஊராகக் காரில் போய் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் திவசமும் செய்துகொடுக்கிறவர். அவர் இரண்டையும் கேட்டுவிட்டு, "ரெண்டும் பாக்கிறது ஒரே சந்திரனைத்தான் அண்ணை. வெள்ளிக்கிழமை காலமை வையுங்கோ. ஆனால் மத்தியானத்துக்கு முன்னம் நவமி போயிடும். பிற்பகல் எனக்கு எஸ்பியர்க்கிலை இன்னொண்டு இருக்கு" என்றார்.

வாத்தியாரும் பிள்ளையும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். பூமி ஒன்று. அதைச் சொல்லுகிறவர்கள் இரண்டு பேர்.

குகனுக்குச் சொன்னபோதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. அவன் ஜூன் மாதத் திகதிக்கு ஏற்கெனவே வேலையில் விடுமுறை எடுத்து வைத்திருந்தான். தாய் இறந்த திகதியைத் தன் கைபேசியில் பதிந்து, நான் கேட்காமலே, மாதங்களுக்கு முன்னரே எடுத்திருக்கிறான்.

"அப்பா, அண்டைக்கு அம்மா சாகேல்லையே" என்றான். பிறகு டெனிஷுக்கு மாறிவிட்டான். மனம் இறுகினால் அவனுக்கு வருகிற மொழி அதுதான். தாய் இறந்த நாளை ஒருவன் எப்படி மாற்றலாம் என்று கேட்டான். சந்திரனைப் பற்றி விளக்கினேன். கடைசியில், "யாய் ப்றூவா" என்றான். முயன்று பார்க்கிறேன் என்று அர்த்தம். இந்த நாட்டில் இத்தனை காலம் இருந்ததில் எனக்குத் தெரிந்த ஒன்று உண்டு. 'முயன்று பார்க்கிறேன்' என்று டெனிஷில் சொல்லுகிறவர் பெரும்பாலும் வருவதில்லை.

மலர் ஒருமுறை, நோயெல்லாம் வருமுன்னர், வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது சொன்னாள். "என்ரை திவசத்துக்கு உவன் எள்ளும் தண்ணியும் இறைப்பானோ? டெனிஷிலை மந்திரம் இருந்தால் ஒருவேளை செய்வான்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வெங்காயம் வெட்டுகிறவளின் கண்ணீரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

5

வெள்ளிக்கிழமை காலை ராணி முதலில் வந்து குசினியைக் கைப்பற்றினாள். சற்று நேரத்தில் குருக்கள் ஐயா வாசல் மணியை அடித்தார். நேரே வாசலுக்கு.

"பிள்ளைதான் கொண்டுவந்து விட்டது" என்றார், கைபேசியைக் காட்டி. அந்தச் செல்லப்பெயரை மலரிடமிருந்து பழகியவர். "வாத்தியாரை நம்பினால் நான் இப்ப கால்வாய்க்குள்ளை தர்ப்பை புடுங்கிக்கொண்டிருப்பன்."

விறாந்தைப் பக்க அறையில் படத்துக்கு மாலை போட்டு, கும்பம் வைத்து, எள்ளும் தர்ப்பையும் அரிசியும் எடுத்து வைத்தோம். மகனுடைய இடத்தில் குருக்கள் ஒரு பலகை போட்டு வைத்தார். அதில் உட்கார ஆளில்லை.

குகன் காலையில் ஒரே ஒரு செய்தி அனுப்பியிருந்தான். சொல் ஒன்றுமில்லை. தான் போகிற இடத்தைத் தொடர்ந்து காட்டுகிற வரைபட இணைப்பு மட்டும். திறந்தால் நீல வட்டமொன்று மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கடலைக் கடக்கிற பெரிய பாலத்தில் வந்தபோது கடலின் நடுவே மிதந்தது. மீன் பிடிக்கப் போகிறவனைப் பார்ப்பதுபோல ராணியும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பூனன் தீவுக்குள் வந்து, நெடுஞ்சாலை ஓரத்து வாகனத் தரிப்பிடம் ஒன்றில் வட்டம் நின்றது. நின்றது நின்றதுதான்.

"ஏன் நிக்கிறான்?" என்றாள் ராணி, மாக் கையோடு.

"கோப்பி குடிக்கிறான் போலை."

"உவ்வளவு நேரமோ? அண்டாவிலை குடிக்கிறானோ? போன் எடுங்கோ அத்தான்."

"கார் ஓட்டேக்கை எடுக்கமாட்டான்."

"கார் ஓடேல்லையே!"

நான் எடுக்கவில்லை. அவன் திரும்பிப் போகப் போவதாகச் சொன்னால் அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. வட்டம் நிற்கிறவரைக்கும் அவன் வருகிறவனாகவே இருந்தான்.

குருக்கள் ஐயா மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "அண்ணை, மகன் பிந்தினால் நீங்கள் தர்ப்பையைப் போட்டுக்கொண்டு இருங்கோ. புருசன் செய்யலாம். குற்றமில்லை."

"கொஞ்சம் பாப்பம் ஐயா."

"நவமி எங்களைப் பாத்துக்கொண்டு இராது."

வட்டம் அசைந்தது. தீவிலிருந்து எங்கள் பக்கம் வருகிற சிறிய பாலத்தைக் கடந்தது. ராணி வடைச் சட்டியை மறந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். நெடுஞ்சாலையை விட்டுப் பிரெடெரிசியாவில் இறங்கியது. வட்டச்சந்திக்கு வந்தது. அதில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். வட்டம் வலப்பக்கம் திரும்பிப் பின்வீதிக்குள் போனது.

"ஐயோ, வாத்தியார் கவுத்துப்போட்டார்!" என்று கத்திவிட்டேன்.

கைபேசி அடித்தது.

"அப்பா, நான் வந்திட்டன்."

"தம்பி, அங்கை நிக்காதை. அது பின்பக்கம். திரும்பி வட்டச்சந்திக்குப் போய், ரயில் பாதைக்குக் கீழாலை..."

"பின்பக்கம் எண்டு தெரியும் அப்பா."

"பிறகேன் அங்கை போனனி?"

"அம்மா அப்பிடித்தானே வரச்சொன்னவ." கார்க் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. "யன்னலிலை ஒருத்தரும் இல்லை."

எத்தனையோ விருந்தாளிகள் பின்னால் வந்து நின்றிருக்கிறார்கள். ஒருநாளும் நான் அந்த யன்னலுக்குப் போனதில்லை. வாசலைத் திறக்கப் போவதுதான் என் வேலை. இப்போது ராணியைத் தாண்டி, அடுப்பைத் தாண்டி, யன்னலடிக்குப் போனேன். கதவைத் தள்ளித் திறந்தேன்.

அவள் சொன்னது சரிதான். அங்கிருந்து பார்த்தால் ஆள் முழுதாகத் தெரிகிறது. கறுப்புக் காற்சட்டை, வெள்ளைச் சேட்டு, கையில் மடித்த வேட்டி. காருக்கு வெளியே வரவில்லை, திறந்த கதவுக்குள் ஒரு கால் நிலத்திலும் ஒரு கால் உள்ளேயுமாக உட்கார்ந்திருந்தான். தோள்கள் இரண்டும் முன்னுக்கு விழுந்திருந்தன. சாப்பிடாமல் வந்திருக்கிறான். இரவு நித்திரை இல்லை. கோபம் இல்லை. இத்தனையும் எனக்கு அந்தத் தூரத்திலேயே தெரிந்தது.

சிவப்புக் கோட்டுத் துவாய் கொளுக்கியில் தொங்கியது. எடுத்து ஆட்டினேன். முதலில் ஒழுங்காக ஆட்டவரவில்லை, துவாய் யன்னல் நிலையில் சிக்கிக்கொண்டது. பிறகு கையை முழுக்க வெளியே விட்டு ஆட்டினேன்.

அவன் எழுந்தான். கதவைச் சாத்தினான். வேட்டியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு கால்வாயைத் தாண்டிப் பாய்ந்தான். பலகை இருந்த இடம் என்று அவன் நினைத்த இடத்தில் பலகை இல்லை. ஒரு கால் தண்ணீருக்குள் போனது. சங்கத்தார் நட்ட கன்றுகள் முழங்கால் உயரந்தான். அவற்றுக்கு மேலால் காலை எடுத்து வைத்து, புல்தரையில் நடந்து வந்தான்.

குருக்கள் ஐயா அவனது சப்பாத்திலிருந்து ஒழுகிய நீரைப் பார்த்தார். "நல்லது. கால் கழுவிற வேலை மிச்சம். வேட்டியைக் கட்டிக்கொண்டு இரும் தம்பி."

வேட்டி கட்டத் தெரியவில்லை. ராணி தன் மேலங்கியின் இடுப்புப்பட்டியைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் பலகையில் உட்கார்ந்தான். குருக்கள் தாயின் பெயரைக் கேட்டார், நட்சத்திரத்தைக் கேட்டார். நட்சத்திரம் அவனுக்குத் தெரியாது, நான் சொன்னேன். மந்திரத்தைத் துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுக்க, டெனிஷ் வாயால் அவன் திருப்பிச் சொன்னான். மலர் கேட்டிருந்தால் காங்கேசன்துறை வீதிக்குச் சிரித்ததுபோலச் சிரித்திருப்பாள். எள்ளை விரலில் ஒட்டவைத்துத் தண்ணீர் விட்டான். சட்டத்துக்குள் இருந்த மலர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழும்பும்போது குருக்கள் மணிக்கூட்டைக் காட்டினார். "நவமிக்குள்ளைதான். திருக்கணிதத்தின்படியும் சரி. வாக்கியத்தைப் பற்றிக் கேக்காதேங்கோ."

ராணி கேட்கவில்லை. படையலில் காகத்துக்கான பங்கை எடுத்துப் புல்தரையில் வைத்தாள். காகத்துக்கு முன்னர் துறைமுகத்துக் கடற்பறவை ஒன்று இறங்கிவந்து வடையைக் கொத்திக்கொண்டு போனது.

"அக்கா எப்பவும் முந்திக்கொள்ளுறவ" என்றாள்.

6

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ராணிதான் கேட்டாள். "தம்பி, வழியிலை ஏனடா அவ்வளவு நேரம் நிண்டனி? கொப்பாவுக்கு உயிர் போட்டுது."

அவன் கைபேசியை எடுத்து மேசையில் வைத்தான். "இதை முழுக்கக் கேக்க ஏலாமல் இருந்தது, சித்தி. நிப்பாட்டி நிப்பாட்டிக் கேட்டனான்."

இந்த வீட்டுக்கு அவன் முதல் தடவை வந்தபோது மலர் அனுப்பிய குரல் செய்தி. அவள் குரலை நான் கேட்டுப் பல மாதங்களாகியிருந்தன.

"தம்பி, அந்தப் போன் மப் உன்னைப் பின்பக்கந்தான் கொண்டுவந்து விடும். பயப்பிடாதை, அது சரியான இடந்தான். காரை விட்டிறங்காதை, குளிரும். யன்னலைப் பார். நான் கையைக் காட்டினாப் பிறகு வா. வழியிலை சாப்பிட்டிட்டு வராதை, என்ன?"

பின்னணியில் கொதிகேத்தல் கொதிக்கிற சத்தமும் இருந்தது.

குருக்கள் ஐயா இரண்டாந்தரம் பருப்புக் கேட்டார். அது எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது.

எஸ்பியர்க் திவசத்துக்காக அவர் புறப்பட்டுப் போன பிறகு, காற்சட்டை காயும்வரை குகன் வேட்டியோடு தோட்டத்தில் நின்றான். "ஜூன் லீவை நான் கான்சல் பண்ணேல்லை" என்றான். "அண்டைக்கும் வருவன். அப்பாவுக்குச் சந்திரன், எனக்குக் கலண்டர்." பிறகு கேட்டான், "அம்மாடை தொட்டி எங்கை?"

அவன் சொன்னபடி ஜூனிலும் வந்தான். பின்னால்தான். புதிய செந்திராட்சைச் செடி ஒன்று காரின் பின் இருக்கையில் ஆசனப்பட்டி போட்டுக்கொண்டு வந்திருந்தது. சங்கத்தார் நட்ட கன்றுகளில் இரண்டைத் தோண்டிப் பக்கத்தில் நட்டு, நடுவில் தொட்டியை வைத்தோம். புதுப் பலகையும் போட்டோம். கடிதம் வரும். வரட்டும், மரியாதையாகப் பதில் எழுதுவேன்.

அன்று அவன் போன பின்னர் வாத்தியார் என் கைபேசித் திரையில் ஒரு கேள்வி கேட்டார். இடங்களைத் திருத்தி அனுப்புகிறவர்களிடம் அவ்வப்போது கேட்பது வழக்கம். எங்கள் விலாசம், பின்வீதியில் ஒரு சிவப்புப் புள்ளி, கீழே ஒரு வரி: இந்த இடம் சரியாகக் காட்டப்பட்டிருக்கிறதா?

எத்தனையோ திருத்தங்கள் அனுப்பியவன் நான். ஒன்றிலும் அறிந்து பொய் சொன்னதில்லை. 'ஆம்' என்பதை அழுத்தினேன். வாத்தியார் நன்றி சொன்னார்.

ஊரிலிருந்து யாராவது எப்போதாவது இந்தப் பக்கம் வருவீர்களாக இருந்தால், வாத்தியாரையே நம்பி வாருங்கள். பின்வீதியில் கொண்டுவந்து விடுவார். காரை விட்டிறங்க வேண்டாம், இங்கே எப்போதும் காற்று. யன்னலைப் பாருங்கள். நான் துவாயை ஆட்டின பிறகு வாருங்கள். வழியில் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள்.